கரும்பு தின்னக் கூலியா?
கடல்கடந்த ஆலையும் கரைந்துபோன தமிழ்ப் பெயர்களும்

‘கரும்பு தின்னக் கூலியா?’ என்பது நம் ஊர்ப் பழமொழி. இனிப்பைச் சுவைப்பதற்கு எவனேனும் கூலி கேட்பானா என்பது அதன் பொருள். ஆனால், கரும்பைத் தின்னாமல் கரும்பால் தின்னப்பட்டு, பேசிய கூலியையும் முழுதாகப் பெறாமல் மாண்ட தமிழர் பல்லாயிரவர் உண்டு. அவர்கள் ஏறிய கப்பல்கள் நம் புதுவைக் கரையிலிருந்தும் காரைக்காற் கரையிலிருந்துமே பாய் விரித்தன. அவர்கள் போய் இறங்கியது, வட அமெரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் இடையே கிடக்கும் கரிபியன் கடலில். அங்கே பிரஞ்சுக்காரர் ஆண்ட குவாதலூப்பு, மார்த்தினிக்கு என்னும் தீவுகளின் கரும்புக் கொல்லைகளும் சருக்கரை ஆலைகளுமே அவர்கள் வாழ்ந்து மடிந்த களங்கள்.

இன்று அவ்வாலைகளுட் பல ஓய்ந்துவிட்டன. குவாதலூப்பின் வடபுறத்தே போர்லூயி என்னும் ஊரிலிருந்த போபோர் ஆலை 1990இல் மூடப்பட்டது. இப்போது அது கரும்புத் தொழிலின் வரலாற்றைக் காட்டும் காட்சியிடமாகியுள்ளது. அத்தீவின் பெருநகரான புவாந்தாபீத்தரில் 1869இல் இயங்கத் தொடங்கிய தார்பூசியே ஆலை 1980இல் நின்றது. அது நின்ற நிலத்தில், அடிமை வாணிகத்தின் கொடுமையை உலகுக்கு எடுத்துரைக்கும் பெரியதொரு நினைவகம் 2015இல் எழுந்தது. பிரான்சு நாட்டில் உற்றாரும் உறவினரும் உடைய புதுவைத் தமிழர் அத்தீவுகளுக்குச் சுற்றுலாவாகச் சென்று வருதலும் உண்டு.

சென்று வருவோர்க்கும், செல்ல இயலாமல் வில்லியனூரிலும் பாகூரிலும் இருந்தவாறே இதனைப் படிப்போர்க்கும் யாம் சொல்ல விரும்புவது ஒன்றே. அந்த ஆலைகள் நமக்கு அயலான் வீட்டுப் பழம்பொருள்கள் ஆகா. தமிழனின் வேர்வை ஊறிய இடங்கள் அவை. அங்கே கல்லும் இரும்பும் காக்கப்பட்டன. தமிழரின் பெயர்கள் காக்கப்படவில்லை. அப்பெயர்களைத் தமிழில் மீட்டெழுதும் கடன், அவர்களைக் கப்பலேற்றிய கரையைச் சேர்ந்த நமக்கே உரியது.

ஆலை என்னும் சொல்

பஞ்சாலை, நூலாலை, தாளாலை என்று இன்று எத்தனையோ தொழிற்கூடங்களுக்கு ‘ஆலை’ என்று பெயரிட்டு வழங்குகிறோம். பழந்தமிழில் அச்சொல் கரும்பாட்டும் இடத்துக்கே சிறப்பாக வழங்கிற்று. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை, கரும்பு பிழியும் எந்திரத்தின் ஓயாத ஒலியையும், சாறு காய்ச்சும் ஆலைகளிற் சூழ்ந்த புகையையும் காட்டுகிறது. அதியமானின் முன்னோர் கரும்பை இந்நிலத்துக்குக் கொண்டுவந்தனர் என்று ஔவையார் புறநானூற்றிற் குறிக்கிறார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கரும்பு நட்டு, சாறு பிழிந்து, கட்டியாகக் காய்ச்சத் தெரிந்திருந்த மக்கள் நாம். அத்தொழில் தெரிந்த கைகளைத்தான் வெள்ளைக்காரன் கூலிக்கு வாங்கினான்.

இன்னொரு சொல்லும் இங்கே எண்ணத்தக்கது. உலகின் பல மொழிகளில் ஆசியத் தொழிலாளியை இழிவாகச் சுட்டும் ‘கூலி’ என்னும் சொல்லைத் தமிழ்ச் சொல் என்றே அறிஞர் பலர் கொள்வர். நம் மொழியில் அது உழைப்பிற்குரிய ஊதியத்தைக் குறித்தது. அவர்கள் வாயில் உழைத்த மாந்தனையே குறித்தது. ஊதியத்தின் பெயரை ஆளுக்கு இட்டுவிட்டால் அவன் பெயரைக் கேட்க வேண்டிய தேவையில்லையன்றோ? பெயரிழப்பு அங்கேயே தொடங்கிவிட்டது.

எப்படிப் போனார்கள்?

1848இல் பிரான்சு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. குவாதலூப்பில் மட்டும் ஏறத்தாழ 87,000 பேர் விடுதலை பெற்றனர். ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டவரின் வழிவந்த அம்மக்கள், தங்களை அடித்து வேலை வாங்கிய அதே கொல்லைகளில் முதலாளி கொடுத்த கூலிக்கு உழைக்க மறுத்தனர். மறுத்தது அறமே. அவர்கள் கேட்ட கூலியைக் கொடுக்க மனமில்லாத முதலாளிகள் குறைந்த கூலிக்கு ஆள் தேடினர். அவர்களின் பார்வை, பிரஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்த புதுவையின் மீது விழுந்தது.

1853ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் ‘ஓரெலி’ என்னும் கப்பல் 313 பேருடன் மார்த்தினிக்குத் தீவை அடைந்தது. அதே கப்பல் 1854 திசம்பர் இறுதியில் 344 பேரைக் குவாதலூப்பில் இறக்கியது. அவ்வாறு தொடங்கிய ஆளேற்றம் ஒரு தலைமுறைக்கு மேல் நீடித்தது. 1889இல் கடைசிக் கப்பல் வந்து சேரும்வரை குவாதலூப்புக்கு 42,000 பேருக்கு மேலும், 1884 வரை மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேரும் கொண்டுசெல்லப்பட்டனர். இந்தியப் பெருங்கடலிலுள்ள இரெயூனியன் தீவுக்குச் சென்றோர் ஓரிலக்கத்துக்கும் மிகுதி. அனைவரும் தமிழர் அல்லர். ஏனாமிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் சென்றோரும் அவருள் இருந்தனர். எனினும் பெரும்பகுதியினர் தமிழரே.

இத்தனை பேரும் பிரஞ்சுப் புதுவையின் குடிகளா எனின், இல்லை. புதுவை மாநிலத்தின் அமைப்பை அறிந்தோர்க்கு இது விளங்கும். வில்லியனூரும் பாகூரும் ஆங்கிலேயர் ஆண்ட தென்னார்க்காட்டோடு பின்னிக் கிடந்தவை. ஒரு வரப்புக்கு இப்பால் பிரஞ்சுக்காரன் ஆட்சி; அப்பால் ஆங்கிலேயன் ஆட்சி. ஆள்பிடிக்கும் தரகர்கள் ஆங்கிலேயர் நிலத்துச் சிற்றூர்களில் ஏழை உழவரை ஆசை காட்டி, வரப்பைத் தாண்டச் செய்து, புதுவைக்குக் கொண்டுசென்று அடைத்தனர். 1861இல் ஆங்கிலேயரும் பிரஞ்சுக்காரரும் உடன்பாடு செய்துகொண்ட பின்னர், அதே ஆள்பிடிப்பு சட்டத்தின் துணையோடு நடந்தது. தஞ்சையிலும் திருச்சியிலும் தென்னார்க்காட்டிலும் திரட்டப்பட்டோர் புதுவை, காரைக்கால் துறைகளை நோக்கி நடந்தனர்.

புதுவையில் அன்று கப்பல் அணையும் துறை இல்லை. கப்பல் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். அலையைக் கடந்து அதனை அடைவதற்குத் தைத்த பலகைகளாலான சலங்குப் படகுகளே வழி. அதுவரை கடலையே காணாத உழவன், மனைவியோடும் குழந்தையோடும் அப்படகில் ஏறினான். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி ஏறத்தாழ மூன்று திங்கள் கடலிற் கிடந்தான். தன் காலடியில் நிலம் பட்டபோது, ஐந்தாண்டு ஒப்பந்தம் அவன் கழுத்தில் ஏறியிருந்தது.

‘விரும்பித்தானே போனார்கள்?’ என்று கேட்பாரும் உண்டு. நிலம் பிறனுக்கு உரியதாய், கடன் தலைக்கு மேலாய், சாதியின் கால் நெஞ்சின் மேலாய் இருந்தவனுக்கு விருப்பம் என்று ஒன்று ஏது? 1876 முதல் 1878 வரை தமிழகத்தைச் சூறையாடிய தாது ஆண்டுப் பஞ்சத்தில், கஞ்சி கிடைத்த திசையெல்லாம் வீடாயிற்று. பசித்தவனிடம் படிக்கத் தெரியாத தாளை நீட்டிக் கைந்நாட்டு வாங்குவதை ஒப்பந்தம் என்று அழைப்பது சொல்லுக்கே இழுக்கு.

ஆலையின் வாய்

போபோர் ஆலையைக் காணச் செல்வோர் அங்குள்ள எந்திரங்களின் பெருமையைக் கேட்டுத் திரும்புவர். எந்திரத்தின் பின்னிருந்த முறையையும் அவர்கள் அறியவேண்டும்.

வெட்டிய கரும்பு காத்திராது. ஓரிரு நாளில் அரைக்காவிடின் அதன் இனிப்புக் குன்றிவிடும். நம் ஊர்க் கரும்பு உழவர்க்கு இதனை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆதலின் அறுவடைத் திங்கள்களில் ஆலை இரவும் பகலும் ஓடும். ஆலை ஓடுமட்டும் கொல்லையில் அரிவாள் ஓயாது. உருளைகளுக்கிடையே கரும்பு நசுங்கும், சாறு சுண்ணாம்பு சேர்ந்து தெளியும், கொதிகலனில் சுண்டும், சுழலும் பொறியில் வெண்மணல் வேறாகவும் கழிபாகு வேறாகவும் பிரியும். சக்கை அடுப்பெரிக்கும், கழிபாகு சாராயமாகும். கரும்பில் வீணாவது ஒன்றுமில்லை. வீணாயிற்று என்று கணக்கெழுதப்படாத ஒன்று, அதனை வெட்டியவனின் வாழ்நாள்.

திங்களுக்கு ஆணுக்குப் பன்னிரண்டரைப் பிராங்கு, பெண்ணுக்குப் பத்துப் பிராங்கு என்பது பேசிய கூலி. முன்பணம், நோயாய்க் கிடந்த நாள், வேலைக்கு வாராத நாள் என்று பலவற்றையும் கழித்துக்கொண்டு எஞ்சியதே கைக்கு வந்தது. கொல்லையை விட்டு வெளியே போனால் கையில் பதிவுப் பொத்தகம் வேண்டும். இல்லாதவன் நாடோடி என்று பிடிபடுவான். ஐந்தாண்டு முடிந்தால் ஊருக்குத் திருப்பி அனுப்புவோம் என்ற உறுதி, கப்பல் இல்லை என்ற விடையில் தேய்ந்தது; மறு ஒப்பந்தத்தில் கைந்நாட்டு வைத்தவனே பலன். குவாதலூப்புக்குப் போன 42,000 பேரில் நாடு திரும்பியோர் 10,000க்கும் குறைவு. பெருந்தொகையினர் அம்மண்ணிலேயே மாண்டனர். கொடுமை பொறுக்காமல் 1888இல் ஆங்கிலேய அரசே குவாதலூப்புக்கு ஆளேற்றுவதைத் தடை செய்தது. உலகச் சந்தையில் கிழங்குச் சருக்கரை பெருகி, 1884 அளவில் சருக்கரை விலை வீழ்ந்து, கரும்பு முதலாளிகளும் தளர்ந்திருந்த காலம் அது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். நம்மவர் பட்ட துன்பத்தைப் பேசும்போது, அவர்களுக்கு முன் இருநூறாண்டு அதே மண்ணில் விலங்கோடு உழைத்த ஆப்பிரிக்க மக்களின் துன்பத்தை மறைத்தல் கூடாது. அவ்விரு மக்களையும் ஒருவர்க்கெதிரே ஒருவரை நிறுத்திக் கூலியைக் குறைத்தவன் முதலாளி. இன்று அத்தீவுகளில் இருவர் வழியினரும் ஒரே ஊரில், ஒரே கிரியோல் மொழி பேசி வாழ்கின்றனர். அவர்கள் நினைவகமும் நம் நினைவும் ஒன்றையொன்று தாங்க வேண்டியவை.

பெயர் திரிந்த கதை

தமிழனுக்குக் குடும்பப் பெயர் என்று தனியே ஒன்றில்லை. அவனுக்கு இட்ட பெயரே அவன் பெயர். பிரஞ்சுப் பதிவாளனுக்கோ குடும்பப் பெயர் இல்லாத மாந்தன் விளங்கவில்லை. கப்பலில் வந்தவன் தன் பெயரைச் சொன்னான்; பதிவாளன் தன் காதில் விழுந்தவாறு தன் எழுத்தில் எழுதினான். அந்த ஒற்றைப் பெயரே அவன் மக்களுக்கும் பேரர்க்கும் குடும்பப் பெயராய் உறைந்தது. முத்துசாமி ‘மூத்துசாமி’ ஆனான். வீரப்பன் ‘வீரப்பேன்’ ஆனான். நாகப்பன் ‘நாகப்பேன்’ ஆனான். இராமசாமியும் வைத்தியலிங்கமும் மாரிமுத்துவும் அவ்வாறே உருமாறினர். குடும்பப் பெயரின் முன்னே ஒரு கிறித்தவப் பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது. பெயர் ஒலித்தது, பொருள் போயிற்று. தன் குடும்பப் பெயரில் ‘அப்பன்’ என்னும் சொல் இருப்பதை அறியாமலே நான்கைந்து தலைமுறை பிறந்து வளர்ந்துவிட்டது.

அவ்வாறு திரிந்த பெயரொன்றைத் தலைநிமிரச் செய்தவர் குவாதலூப்பின் என்றி சிதம்பரம். 1863இல் பிறந்து 1952இல் மறைந்த அவர், கூலிகளாக வந்தோரின் மக்களும் பிரஞ்சுக் குடிமக்களே, அவர்களுக்கும் வாக்குரிமை உண்டு என்று 1904இல் வழக்கைத் தொடங்கினார். ஏறத்தாழ இருபதாண்டு விடாது போராடி 1923இல் வென்றார். அவர் பெயரைப் பிரஞ்சு எழுத்தில் ‘சிதாம்பரோம்’ என்று படிக்கிறார்கள். தில்லையின் பெயரைத் தாங்கிக் குடியுரிமைப் போர் நடத்திய அத்தமிழரை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

எஞ்சிய தமிழ்

பள்ளியில் பிரஞ்சு, கொல்லையில் கிரியோல், தமிழுக்கு இருந்த இடம் கோயிலும் அடுக்களையுமே. ஆயினும் அவ்விரண்டு இடத்தையும் தமிழ் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. மாரியம்மன் அங்கே ‘மாலியேமேன்’ என்னும் பெயரில் இன்றும் வழிபடப்படுகிறாள். மதுரைவீரன் துணை நிற்கிறான். பூசாரி ‘பூசாரி’ என்றே அழைக்கப்படுகிறான். தப்பும் மத்தளமும் பெயரோடு ஒலிக்கின்றன. அங்குள்ள முதியவர்கள் பொருள் அறியாமலே மனப்பாடமாய்ப் பாடிவந்தது தமிழ்ப் பாட்டு. தாய்மண்ணில் தமிழ் வழிபாட்டுக்காக நாம் வழக்காடிக்கொண்டிருக்க, எழுத்தும் பொருளும் இழந்த ஏழைகள் கடலுக்கப்பால் தமிழிலேயே தெய்வத்தை அழைத்தனர் என்பது எண்ணி நாணத்தக்கது.

அத்தீவுகளின் பெயர்பெற்ற உணவு ‘கொலொம்போ’. மல்லியும் மஞ்சளும் சீரகமும் கடுகும் அரைத்துச் சேர்த்த குழம்பு அது. ‘குழம்பு’ என்னும் நம் சொல்லே அவ்வாறு திரிந்தது என்பர். ழகரம் வாராத வாய்களில் இருந்தும், நூற்றெழுபது ஆண்டு கடந்தும், குழம்பின் மணம் போகவில்லை.

இவ்விடத்தில் நம்மையும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்கள் பெயரைத் திரித்தவன் அயலான். எழுதப் படிக்கத் தெரியாத அவர்களால் அதனைத் தடுக்க இயலவில்லை. எழுத்தறிந்த நாமோ நம் பிள்ளைகளுக்குப் பொருள் தெரியாத வடமொழிப் பெயர்களைத் தேடிப்பிடித்து இடுகிறோம். நம் ஊர்ப் பெயர்களுக்கு நேர்ந்ததும் அதே கதை. உழவர்கரை பிரஞ்சுக்காரன் எழுத்தில் ‘ஊல்கரே’ ஆயிற்று. வில்லியனூர் ‘வில்லெனூர்’ ஆயிற்று. 1954இல் பிரஞ்சு ஆட்சி நீங்கியது. ‘கொம்யூன்’ என்னும் சொல்லை மட்டும் நாம் இன்னும் இறக்கி வைக்கவில்லை.

நம் ஊரில் என்ன இருக்கிறது?

பாகூர் பழமையான ஊர். அங்குக் கிடைத்த செப்பேடுகள், ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கன் என்னும் பல்லவ மன்னன் காலத்தில் அவ்வூரிலிருந்த வடமொழிக் கல்லூரிக்கு மூன்று சிற்றூர்கள் கொடையாக வழங்கப்பட்டதைச் சொல்கின்றன. பதினோரு நூற்றாண்டு கழிந்தும், எந்த ஊர் எவர்க்குக் கொடுக்கப்பட்டது என்பதைச் செப்பேடு காத்து வைத்திருக்கிறது. நூற்றெழுபது ஆண்டுக்கு முன் அதே நிலத்தின் வழியே கடலுக்கு நடந்த உழவர் எவர், அவர் பெயர் என்ன, எந்தச் சேரியிலிருந்து போனார் என்பதைச் சொல்ல ஒரு கல் இல்லை. கொடுத்தவன் பெயருக்குச் செம்பு. உழைத்தவன் பெயருக்குக் கடல்நீர்!

பாகூரிலிருந்து தென்பெண்ணையைக் கடந்தால் நெல்லிக்குப்பம். அங்கே 1842இலேயே சருக்கரை ஆலை தொடங்கப்பட்டது. கண்ணுக்கெட்டும் தொலைவில் கரும்பும் ஆலையும் இருக்க, நம்மவர் ஏழ்கடலுக்கு அப்பால் கரும்பு வெட்டப் போன கொடுமையை என்னென்பது! அண்மைக் காலத்தில் வில்லியனூரை அடுத்த அரியூரில் இயங்கிவந்த சருக்கரை ஆலையும், இலிங்காரெட்டிப்பாளையத்துக் கூட்டுறவு ஆலையும் கடந்த பத்தாண்டளவில் அரைப்பை நிறுத்தின. கரும்பு போட்ட உழவனும், ஆலையில் வேலை பார்த்தவனும், நிலுவைத் தொகைக்காகத் தெருவில் நின்றதை நாம் கண்டோம். குவாதலூப்பில் மூடிய ஆலை வரலாறு சொல்கிறது. நம் ஊரில் மூடிய ஆலை துருப்பிடிக்கிறது.

‘பழந்துன்பத்தைக் கிளறி என்ன பயன்? அவர்கள் வழியினர் இன்று பிரஞ்சுக் குடிமக்களாய் நன்றாகத்தானே வாழ்கின்றனர்?’ என்று சிலர் சொல்லலாம். நன்றாக வாழட்டும். ஆனால் அவர்களுள் பலர் இன்று தம் முன்னோர் ஊரைத் தேடுகின்றனர். ‘ஓரெலி’ வந்து 150 ஆண்டு நிறைந்த 2004இல், புவாந்தாபீத்தர்த் துறையருகே முதல் நாளை நினைவூட்டும் சின்னம் ஒன்றை அவர்கள் எழுப்பினர். இறங்கிய கரை தன் கடமையைச் செய்துவிட்டது. ஏறிய கரை செய்யவேண்டாவா? திரிந்த பெயரைத் தாங்கிய ஒருவர் நாளை வில்லியனூர்த் தேரடியில் வந்து நின்று, ‘என் பாட்டன் பாட்டன் எந்த ஊர்?’ என்று கேட்டால், நாம் வாய் திறக்காமல் நிற்பதா?

செய்ய வேண்டுவன

பெயர், அகவை, ஊர் முதலியவற்றைப் பதிந்த கப்பற்பட்டியல்களும் பதிவேடுகளும் பிரான்சின் எக்சு நகரத்து ஆவணக் காப்பகத்திலும் அத்தீவுகளின் காப்பகங்களிலும் உள்ளன. புதுவையிலும் நடுவண் அரசின் ஆவணக் காப்பகக் கிளை உண்டு. அயலவர் இவற்றை ஆய்ந்து தடித்த நூல்கள் எழுதிவிட்டனர். ஆனால் பிரஞ்சு எழுத்தில் சிதைந்து கிடக்கும் ஒரு பெயரைப் பார்த்து, இது ‘வேலாயுதம்’, இது ‘அஞ்சலை’, இவ்வூர் ‘சேலியமேடு’, இவ்வூர் ‘மங்கலம்’ என்று இனங்காண, பிரஞ்சு மட்டும் தெரிந்தால் போதாது. தமிழும் தெரிந்திருக்க வேண்டும், இம்மண்ணும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் அறிந்தோர் புதுவையைவிட வேறெங்கே மிகுதி? பிரஞ்சு கற்ற நம் இளைஞர் பத்துப்பேர் உட்கார்ந்தால் பணி தொடங்கும்.

அடுத்து, வில்லியனூர், பாகூர்ச் சிற்றூர்களில் ஊர்வரலாறு எழுதும் அன்பர்கள், ‘கப்பலுக்குப் போனவர்’ என்று குடும்பங்களில் வழங்கும் செய்திகளைக் கேட்டு எழுதவேண்டும். முதியோர் மறையுமுன் செய்யவேண்டியது இது. மூன்றாவதாக, மூடிய நம் ஆலைகளைப் பழைய இரும்பாய் விற்றுத் தீர்க்குமுன், ஓர் உருளையையும் ஒரு கொப்பரையையும் ஊர்ப்புறத்தில் நிறுத்தி, கரும்பு உழவரின் வரலாற்றையும் கடல்கடந்தோர் வரலாற்றையும் தூய தமிழில் பொறித்து வைக்கவேண்டும்.

பத்தாண்டு புதுவையில் வாழ்ந்த பாரதியார், பீசித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களின் துயரைப் பாடினார். அப்பாட்டு வழியாகவே பீசியின் பெயர் தமிழர் நெஞ்சில் நின்றது. குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் போனவர்க்குப் பாட்டு வாய்க்காவிடினும் பட்டியலேனும் வாய்க்கட்டும். அப்பட்டியல் தமிழெழுத்தில் இருக்கட்டும். அதனை நம் பிள்ளைகள் உரத்துப் படிக்கட்டும்.

போபோர் ஆலைக்குச் செல்லும் தமிழரே! வழிகாட்டி சொல்வதைக் கேட்டு முடித்தபின் ஒரு நொடி நில்லுங்கள். அவன் சொல்லாமல் விட்ட பெயர்களை நீங்கள் தமிழில் சொல்லுங்கள். மூத்துசாமியை முத்துசாமி என்று சொல்லுங்கள். வீரப்பேனை வீரப்பன் என்று சொல்லுங்கள். கூலி என்று அழைக்கப்பட்டு மாண்டவர்க்கு நாம் கொடுக்கவேண்டிய நிலுவை அது ஒன்றே.